பழைய பெட்டிக்குப் படச் சட்டை!

காஞ்சீபுரத்தை அடுத்து ஓரிக்கை என்று ஓர் ஊர். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு.

பல்லவ மன்னன் கணிகண்ணன் என்பவரை ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடன் புறப்பட்டதும் குருவான திருமழிசை ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் அழைக்க, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அன்று அவர்கள் தங்கிய இடம் "ஓர் இரவு இருக்கை". அதுவே ஓரிக்கை ஆயிற்று என்கிறார்கள். மன்னன் வந்து மன்னிப்புக் கேட்க, எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள். படுக்கையும் திரும்பியது.

பெருமாளே படுக்கையை விட்டுவிட்டுப் போகவில்லை! நாம்தான் பாட்டி காலத்துப் பெட்டியை எடைக்குப் போடுகிறோம்.

போடுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் ஒரு லட்சுமி படமோ, காமாட்சி படமோ ஒட்டியிருக்கலாம்.

படம் வந்த வழி

மான்செஸ்டர் துணி இங்கே விற்ற காலத்தில், துணியோடு வண்ணச் சீட்டு ஒன்றும் வரும். சாமி, யானை, மயில் என்று அதில் படம் இருக்கும். துணி கிழிந்துவிடும், சீட்டைப் பத்திரப்படுத்துவார்கள். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகு சரஸ்வதியும் லட்சுமியும் வீடுதோறும் வந்தார்கள். அப்புறம் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் காலண்டர் படங்கள். அவர் 1976-ல் காலமானார். அவர் வரைந்த முருகன் இன்னும் பல வீடுகளில் சிரிக்கிறார்.

சிலர் படத்தோடு நிற்கவில்லை. தேவியின் புடவை மேல் நிஜத் துணி ஒட்டி, ஜரிகையும் மணியும் தைத்து, கண்ணாடி போட்டு மாட்டினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் உண்டு.

ஏழையின் அரக்கு

இதே வேலை வெனிஸ் நகரிலும் நடந்தது. 18-ம் நூற்றாண்டில் சீனா, ஜப்பான் நாட்டு அரக்குப் பூச்சு மேசைகளுக்கு அங்கே ஏக மவுசு. விலையோ எட்டாது. தச்சர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். அச்சிட்ட படங்களை வெட்டி மரத்தில் ஒட்டி, மேலே வார்னீஷ் பூசிப் பூசி மெருகேற்றினார்கள். "ஏழையின் அரக்கு" என்று அதற்குப் பெயர் வந்தது. இப்போது "டெகூபாஜ்" என்கிறார்கள். வெட்டுவது என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

எப்படிச் செய்வது?

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பத்து லட்சத்தில் 90 பங்கு என்று அர்த்தம். ஆகவே பழைய பூச்சை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், ஈரத்தோடு லேசாகத் தேயுங்கள். தூள் பறக்காது. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். தேய்த்த ஈரத் தூளை அங்கேயே விடாமல் துடைத்து எடுத்துவிடுங்கள்.

இரும்புப் பெட்டி என்றால் துருவை நீக்கி, துருப்பிடிக்காத பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட வேண்டும்.

படத்தை வெட்டும்போது கத்தரியைத் திருப்பாதீர்கள். கத்தரி நிற்கட்டும், காகிதம் திரும்பட்டும். மயில் தோகையும் அன்னத்தின் கழுத்தும் சுத்தமாக வரும். ஓர் ஓரத்தில் ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். மை கலைந்தால் அந்தப் படம் உதவாது. வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படங்களில் பல இப்படித்தான் கலையும்.

மரவேலைக்கான வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் போதும். மைதாப் பசைக்குப் பூச்சி வரும். பூச்சிக்காக அதில் மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. மயில்துத்தம் விஷம், குழந்தை உள்ள வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

படத்தை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவுங்கள். குமிழி எழும்பினால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். ஒரு நாள் காயட்டும்.

பிறகு வார்னீஷ். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. நாலைந்து பூச்சுக்குப் பின் மிக மெல்லிய உப்புத்தாளால் தடவி, மறுபடி பூசுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். காகிதத்தின் ஓரம் விரலில் தட்டாவிட்டால் வேலை முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காதீர்கள், பூச்சு வெளுத்துப்போகும்.

எதைத் தொடக் கூடாது?

நல்ல தேக்கு, ஈட்டி மரத்தின் மேல் காகிதம் ஒட்டுவது பட்டுப்புடவைக்குச் சாயம் அடிப்பது போல. அதற்கு மெருகு மட்டும் போதும். கள்ளிப்பெட்டி, ஒட்டுப்பலகை ஸ்டூல், கீறல் விழுந்த டிரங்குப் பெட்டி, இவைதாம் படச் சட்டைக்கு ஏற்றவை.

பழைய ரவிவர்மா அச்சுப் படம் கையில் இருந்தால் கத்தரியைக் கீழே வையுங்கள்! போன வருஷத்துக் காலண்டரை வெட்டுங்கள். பாட்டி மூடியில் ஒட்டிய படத்தையும் உரிக்க வேண்டாம். ஈரத்துணி படாமல், மெல்லிய தூரிகையால் தூசி தட்டி அப்படியே விடுங்கள். வெளிப்பக்கம் உங்களுடையது, உள்பக்கம் பாட்டியுடையது.

கடைசிப் பூச்சு காய்ந்ததும் பட்டுப்புடவையை உடனே உள்ளே அடுக்கிவிடாதீர்கள். சில வாரங்கள் மூடி திறந்தே இருக்கட்டும். வார்னீஷ் வாடை பட்டில் ஏறினால் லேசில் போகாது.