எடை மட்டும் பார்த்தால் போதுமா?

பெண் பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் போதும், அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுகிறார்கள்! என் நாத்தனார் மகள் கபடி ஆடுகிறவள்; ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறாள். "இந்த எடைக்குப் பட்டாளத்துல எடுப்பாங்களா?" என்று கேட்டுக் கேட்டே, அவள் ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிட்டாள்.

யு.பி.எஸ்.சி. வெளியிட்ட அறிவிப்பை வாங்கிப் படித்தேன். உயரத்துக்கு ஏற்ற எடைப் பட்டியல் உண்டுதான். ஆனால், உடற்பயிற்சியால் எடை கூடியவர்களுக்கு விலக்கும் இருக்கிறது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. 25-க்குள், பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்; ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கணும். அதாவது, சதை வேறு, கொழுப்பு வேறு!

வெள்ளைக்காரர்களுக்கும் நமக்கும் ஒரே பி.எம்.ஐ. இருந்தாலும், நம் உடம்பில் கொழுப்பு அதிகமாம், அதுவும் வயிற்றில். அதனால்தான் 2004-ல் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள், ஆசியர்கள் 25 வரை காத்திராமல் 23-லேயே உஷாராக வேண்டும் என்றார்கள்.

தோழிகளே, தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் இஞ்சு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டு அளங்கள். 31½ அங்குலத்தைத் தாண்டினால், கை கால் ஒல்லியாக இருப்பவர்களும் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

ஊரார் பிள்ளைகளை எடை போடும் நாம், முதலில் நம் வயிற்றை அளக்கலாமே!

- ஒரு வாசகி, விக்கிரவாண்டி.