நடந்த பிறகு பலிக்கும் ஆரூடம்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தன. சில நாட்களிலேயே, 'நாஸ்ட்ரடாமஸ் அன்றே சொன்னார்' என்று ஒரு செய்யுள் மின்னஞ்சல் வழியாக உலகைச் சுற்றியது. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆரூடக்காரரான அவர் அதை எழுதவே இல்லை. பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் ஆரூடம் எதற்கும் பொருந்தும் என்று காட்டுவதற்காக, கனடாவின் ப்ராக் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1990களில் புனைந்த வரிகள் அவை. எச்சரிக்கையாக எழுதியதையே வாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

அசல் நாஸ்ட்ரடாமஸின் நூல் 1555-இல் பிரான்சின் லியோன் நகரில் அச்சானது. அதன் நாலடிச் செய்யுட்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டும் கிடையாது, காலவரிசையும் கிடையாது. போர், பஞ்சம், கொள்ளைநோய், மன்னர் மரணம் என்றே போகின்றன. இவை இல்லாத நூற்றாண்டு ஏது?

அவர் ஆண்டைச் சொன்ன அபூர்வமான இடம் ஒன்று உண்டு: 1999, ஏழாம் மாதம், வானிலிருந்து பயங்கரத்தின் பேரரசன் வருவான். ஜூலை வந்தது, போனது. உடனே உரைகாரர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை எடுத்தார்கள். அது 13 நாள் பின்தங்கியது. ஆகவே ஆகஸ்ட் 11-இல் ஐரோப்பாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணம் ஜூலைக் கணக்கில்தான் சேரும் என்றார்கள். 2001-க்குப் பிறகு அதே செய்யுளை விமானத் தாக்குதலுக்கும் பொருத்தினார்கள். கெடு தாண்டியும் செய்யுள் தோற்கவில்லை.

இதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானில் கோட்டோ பென் 1973-இல் இந்த 1999 கெடுவைப் பற்றி எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்றது. அந்த அச்சத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பின் தலைவர் ஷோகோ அசஹாராவும் தம் உலக அழிவுப் போதனையில் நாஸ்ட்ரடாமஸைச் சேர்த்துக்கொண்டார். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பி உயிர்களைப் பறித்தது அந்த அமைப்புதான்.

படித்தவர்களும் ஏன் இதில் விழுகிறார்கள்? ஜெருசலேமில் பருக் பிஷ்ஷாஃப், ரூத் பெய்த் என்ற உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய சோதனை ஒரு காரணத்தைக் காட்டுகிறது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் புறப்படும் முன், மாவோவைச் சந்திப்பாரா என்பது போன்ற கேள்விகளுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பின், முன்பு என்ன எழுதினீர்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்ட காரியங்களுக்கு, உண்மையில் எழுதியதைவிடக் கூடுதல் சதவீதம் கொடுத்ததாகவே பெரும்பாலோருக்கு நினைவிருந்தது. சில மாதங்களுக்கு முன் தம் கையாலேயே போட்ட எண்ணிலேயே இத்தனை தடுமாற்றம் என்றால், என்றோ யாரோ பொத்தாம்பொதுவாக எழுதிய செய்யுளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?