வண்டியின் மேனி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டி மாநகரின் மலைச்சரிவுகளிலே நடந்து செல்பவர், பல வீடுகளின் முற்றத்தில் ஒரே காட்சியைக் காண்பர். ஒரு மோட்டார் வண்டி. அதன் அருகே ஒரு வாளி. கையில் துணியுடன் ஒருவர். ஹந்தானை மலையின் மேல் பனி விலகியிராது. இவருடைய வேலையோ பாதி முடிந்திருக்கும். 'இஃதென்ன வீண் ஆடம்பரம்! ஓடுகின்ற இரும்புக்கு ஒப்பனை வேண்டுமா?' என்று நகைப்போர் உளர். கதையும் கவிதையும் பேசவேண்டிய இப்பக்கத்தில் வண்டி கழுவும் செய்திக்கு இடமேது என்று வினவுவோரும் இருப்பர். அவ்விரு சாராரையும் சற்றே உடன் வருமாறு வேண்டிக்கொள்கின்றேன்.

இது வெறும் ஒப்பனை அன்று என்பதனை நம் நாட்டின் அண்மைக்கால வரலாறே உணர்த்தியது. 2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியிலேதான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், இருந்த வண்டிகளே இருந்தன. அவற்றின் விலை மட்டும் ஏறிற்று. 2022-இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வீதியோரம் வெய்யிலிலும் மழையிலும் வரிசையில் நின்றவையும் அவ்வண்டிகளே. ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒரு முறையே வாங்கக்கூடிய பொருள் அது. இயந்திரம் பழுதானால் திருத்தலாம்; உதிரிப்பாகம் தேடலாம். ஆனால் தகட்டிலே கறள் ஏறிவிட்டால், அது உள்ளிருந்து அரிக்கும் நோய். அந்நோய்க்கும் இரும்புக்கும் இடையே நிற்பது மெல்லியதொரு தீந்தைப் படலம் மாத்திரமே. மழையும் ஈரமும் மிகுந்த கண்டியிலே அப்படலத்தின் அருமை இன்னும் ஒரு படி உயர்ந்தது.

இதனை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. பிழை செய்து கற்றேன். எங்கள் வீட்டிலே தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. ஆசிரியச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிய வண்டி. அவர் காலத்தில் அதனை எவரும் தொடவிடமாட்டார். அவருக்குப் பின் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்பு மிகுதியால் நாள்தோறும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டித் துடைத்தேன். வாரந்தோறும் துணி துவைக்கும் சலவைத்தூளைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினேன். ஐந்தாறு ஆண்டுகளில் வண்டி ஒளி மங்கி, நோயாளியின் முகம்போல் வெளிறிற்று. பட்டறை ஒன்றிற்குக் கொண்டு சென்றேன். அவர்கள் இயந்திரத்தால் மினுக்கித் தந்தார்கள். கண்ணாடிபோல் மின்னியது, ஆனால் முன்மூடியின் நடுவரம்பிலே விரலளவு நீளத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. மேற்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு வெளிப்பட்டுவிட்டது. அவர்களைக் குறைகூறி என்ன பயன்? ஆண்டுக்கணக்காகத் தேய்த்தவன் நான். அவர்கள் இறுதிப் பங்கை மட்டும் ஆற்றினார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. கல்லே தேயுமாயின் தீந்தை எம்மாத்திரம்?

இக்காலத்து வண்டிகளில் நிறப்பூச்சின் மீது நிறமற்ற பூச்சொன்று படிந்திருக்கும். அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். அஃதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் நாற்பது ஐம்பது கூறு. நம் தலைமயிரின் தடிப்பைவிட அது குறைவு. பழைய வண்டிகளில் அம்மேற்பூச்சும் இல்லை. நிறமே வெளியில் நிற்கும். ஆகவே மினுக்கும் ஒவ்வொரு தடவையும், வங்கியில் வைத்த முதலையே எடுத்துச் செலவு செய்கின்றோம். திரும்பச் சேர்ப்பதற்கு வழியில்லாத முதல் அது.

இவ்விடத்தில் கண்டியின் பழைய கலையொன்று நினைவுக்கு வருகின்றது. மாத்தளைப் பகுதியின் பல்லே ஹப்புவிடவிலும், கண்டி மாவட்டத்து ஹுரிகடுவவிலும் தலைமுறை தலைமுறையாக அரக்கு வேலை செய்யும் கைவினைஞர் வாழ்கின்றனர். சிங்களத்தில் இது 'லாக்ஷா' வேலை. மரக்கிளைகளில் வாழும் சிறுபூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அரக்கு. அதனைக் கரிநெருப்பில் இளக்கி, இழுத்துப் பிசைந்து, சிவப்பும் மஞ்சளும் கலப்பர். பின்னர், கடைசலில் சுழலும் மரத்தின் மீது அரக்குக் கோலை அழுத்துவர். தூரிகை இல்லை, உராய்வில் எழும் வெப்பமே அரக்கை உருக்கி மரத்தின்மேல் படியச் செய்யும். பின்பு ஓலை நறுக்கால் அழுத்தி மெருகேற்றுவர். ஹப்புவிடக் கலைஞரோ இளகிய அரக்கை நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தாலே நறுக்கிக் கோலம் அமைப்பர்.

இக்கலையை உலகறிய எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். கனிப்பொருள் ஆய்வுக்காக இந்நாட்டின் ஊர்களெங்கும் அலைந்தவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல் வெளிவந்தது. அந்நூல் அச்சான அச்சுப்பொறி, ஆங்கிலக் கவிஞரும் கைவினையின் காவலருமான வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்தியது. எங்கள் வீட்டு வண்டியின் பெயரும் மொறிஸ். ஆனால் அது வேறொரு வில்லியம் மொறிஸ், மோட்டார்த் தொழிலதிபராகிப் பின்னர் நஃபீல்ட் பிரபு எனப் பட்டம் பெற்றவர். அவர் பிறந்ததும் குமாரசுவாமி பிறந்ததும் ஒரே ஆண்டில், 1877-இல்! கைத்தொழிலைக் காக்கப் போராடிய மொறிஸ் ஒருவர். ஆலைத்தொழிலை வளர்த்த மொறிஸ் மற்றொருவர். இரண்டாமவரின் தொழிற்சாலையில் 1948-இல் பிறந்த மைனர் வண்டி, முதலாமவர் போற்றிய பொறுமையான கைவேலையால்தான் இன்றும் நம் வீதிகளில் உயிர்வாழ்கின்றது.

அரக்குக்கும் வண்டிக்கும் சொல்லளவிலும் உறவுண்டு. தீந்தைத் தொழிலில் 'லாக்கர்' என வழங்கும் சொல்லின் வேர் வடமொழி 'லாக்ஷா'வே. தொடக்ககாலத்து மோட்டார் வண்டிகளுக்குத் தூரிகையால் வார்னிஷ் தீட்டினர். பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கு ஆயிற்று. அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தார் ஆக்கிய 'டியூகோ' என்னும் நைத்திரோசெலுலோசுப் பூச்சு, 1924-ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்ட் வண்டிகளில் ஏறியபோது அக்காலம் மிகச் சுருங்கிற்று. அப்பூச்சிலே பூச்சி சுரந்த அரக்கு இல்லை. ஆயினும் பெயர் மட்டும் பழைய உறவை மறவாது ஒட்டிக்கொண்டது. அரக்கை மரத்தோடு பிணைக்கும் அதே உராய்வு, அளவு மீறினால் தீந்தையைத் தகட்டிலிருந்து பிரித்துவிடும் என்பதனைக் கடைசல்காரன் அறிவான். எனக்கு அவ்வறிவு காலந்தாழ்ந்து வந்தது.

இனி, முறை யாது எனக் காண்போம். முதலாவது, வண்டி நிழலிலே நின்று குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறிய தகட்டில் சவர்க்கார நீர் காய்ந்து கறையாகும். இரண்டாவது, துணி படுமுன் நிறைந்த நீரால் மண்ணையும் மணலையும் கழுவி வீழ்த்தவேண்டும். துடைப்பதால் வரும் கீறல்களுக்குத் துணியைவிட, துணிக்கும் தீந்தைக்கும் நடுவே அகப்பட்ட மணலே பெருங்காரணம். என் நாள்தோறும் தூசி தட்டும் பணி, நாள்தோறும் மணல்தாள் கொண்டு தேய்க்கும் பணியாக முடிந்தது இதனாலேதான்.

மூன்றாவது, வாளிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் வண்டிக்கென விற்கும் மென்மையான சவர்க்காரம். மற்றொன்றில் வெறும் நீர். துணியைச் சவர்க்காரத்தில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி மண்ணைப் போக்கிய பின்பே மீண்டும் சவர்க்காரத்தில் இடவேண்டும். கூரையில் தொடங்கிக் கீழிறங்க வேண்டும். சில்லுகளுக்குத் தனித் துணி. சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் எண்ணெய்ப் பசையை அறுக்கப் பிறந்தவை. தீந்தைமேல் இருக்கும் மெழுகையும் அவை அறுத்துவிடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பளபளப்பு ஏற்றுவோரும் உளர். அப்பளபளப்பு தீந்தையினது அன்று, எண்ணெய்யினது. மாலைக்குள் வீதித் தூசி முழுவதும் அதிலே குடியேறும். கழுவிய பின், மென்மையான மைக்ரோபைபர் துணியை விரித்து ஒற்றி ஈரத்தை எடுக்கவேண்டும். சுற்றிச் சுற்றித் தேய்த்தலாகாது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். மலைநாட்டின் நீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புப் பாறையில் ஊறிய வன்னீர். இங்கே கழுவி உலரவிட்டாலும் பெரிதும் தெரியாத துளி, அங்கே வெண்புள்ளியாக நிலைத்துவிடும். ஏ9 நெடுஞ்சாலையில் வடக்கே போய் விடுமுறை கழிப்போர், கழுவிய கையோடு ஒற்றி உலர்த்தத் தவறலாகாது.

கண்டிக்கே உரிய பகைவரும் உண்டு. வாவிக்கரை மரங்களின் கீழ் வண்டியை நிறுத்திச் சென்றவர் திரும்பி வந்து காண்பதை விவரிக்க வேண்டியதில்லை. பறவை எச்சம் தீந்தையை அரிக்கும். வெய்யிலில் இளகி விரியும் மேற்பூச்சு, குளிரும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகுவதால் தழும்பு ஆழமாகும். அதனைச் சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் இட்டு ஊறவைத்து மெல்ல எடுப்பதே வழி. அன்றே எடுத்தால் மறையும். அடுத்த வாரம் எடுத்தால் வடு நிற்கும். மலைகள் சூழ்ந்த இக்கிண்ணத்திலே பேருந்துப் புகை எளிதிற் கலைவதில்லை; அதன் கரியும் படியும். கழுவிய வண்டியின்மேல் விரலை மெல்லிய பொலித்தீன் பையால் மூடித் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தோன்றினால், கழுவலுக்குப் போகாத அழுக்கு ஒட்டியிருக்கின்றது. அதற்கென விற்கும் களிக்கட்டியை நீர் வழுக்க மெல்ல ஓட்டினால் அது நீங்கும். மினுக்கு மருந்து அதற்கும் பின்னர். அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை, மங்கிய இடத்துக்கு மட்டும்.

இறுதியாக மெழுகு. வண்டி மெழுகிற் புகழ்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டுப் பனையொன்று கடும் வறட்சியில் நீரை இழவாதிருக்கத் தன் ஓலையில் பூசிக்கொள்ளும் கவசம். பூச்சி தன்னைக் காக்கச் சுரந்தது அரக்கு. பனை தன்னைக் காக்கச் சுரந்தது இம்மெழுகு. காப்புக்காக உயிர்கள் ஆக்கியதையே மனிதன் அழகுக்காகக் கடன் வாங்கினான். தாமரை இலைத் தண்ணீரை உவமையாக வழங்கும் நமக்கு இதன் தொழிலை விளக்க வேண்டுமா? நுண்ணிய மேடுபள்ளங்களும் மெழுகும் சேர்ந்தே தாமரை இலையைத் தூய்மையாக வைத்திருக்கின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் பார்த்லொட்டும் நைன்ஹுயிசும் 1997-இல் விளக்கினர். வண்டியின் மேனியில் அம்மேடுபள்ளங்கள் இல்லை. ஆதலால் நீர் முத்தாகத் திரளும்; அழுக்கு முழுவதும் தானே போகாது. கழுவும் கடமை நீங்குவதில்லை, எளிதாகின்றது.

மெழுகைத் தடிப்பாகப் பூசுவதால் பயனில்லை. மூச்சுப்பட்ட கண்ணாடிபோல் மெல்லிய மங்கல் தெரிந்தால் போதும். உலர்ந்தபின் தூய துணியால் எடுத்துவிடலாம். அது சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள் நிற்கும். கண்டியில் வறண்ட காலம் முடியும் மார்ச்சிலும், ஒக்டோபர்ப் பெருமழைக்கு முன்னரும் பூசத் தவறாதிருத்தல் நன்று. மெழுகு அழிகின்றதே என வருந்தவேண்டாம். அழிவதற்காகவே அது பூசப்படுகின்றது. வெய்யிலும் மழையும் எச்சமும் முதலில் அதனையே தாக்கும். அது தேய்ந்து தீந்தையைத் தேயாமற் காக்கும்.

கழுவிய நீர் எங்கே போகின்றது என்பதையும் எண்ணவேண்டும். கண்டி வாவியின் வழிநீர் மெத எல வழியாக நகரினூடே ஓடி மகாவலியிலே கலக்கின்றது. நகரத்தின் வடிகால்களும் அதனையே நாடுகின்றன. எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த நீரை வீதி வடிகாலில் விடுவதைவிட, இயன்றவரை புற்றரையிலோ மண்ணிலோ வடியவிடுவது நல்லது. நம் வண்டியின் மேனியைக் காக்க ஆற்றின் மேனியை அழுக்காக்குதல் அறமாகாது.

எங்கள் மைனரின் முன்மூடியில் அச்சாம்பல் நிறக் கீற்று இன்றும் உண்டு. புதிதாகத் தீந்தை பூசிவிடலாமே என்று நண்பர்கள் சொல்வர். கறள் ஏறாதபடி அவ்விடத்தை மட்டும் மெல்லிய பூச்சால் மூடிவைத்திருக்கின்றேன். மற்றவை தந்தையார் கண்ட நிறமே. அவர் எவரையும் தொடவிடாததைக் கடுமை என்று நினைத்திருந்தேன். அவருடைய கை அந்த வண்டியில் எத்துணைக் குறைவாகப் பட்டது என்பதே அவர் அதன்மேல் வைத்த அன்பின் அளவு என இப்பொழுது அறிகின்றேன்.