பறவைக்குப் பறவையின் உணவு

லூ என்ற நாட்டின் தலைநகருக்கு வெளியே ஒரு நாள் ஒரு கடற்பறவை வந்து இறங்கியது. நாட்டை ஆண்டவருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. முன்னோர் கோயிலுக்கு அதை அழைத்து வந்தார். மது வார்த்தார். அரசவை இசையை முழங்கச் செய்தார். மாடும் ஆடும் பன்றியும் அறுத்து விருந்து வைத்தார். பறவை மிரண்டுபோனது. ஒரு துண்டு இறைச்சியும் தின்னவில்லை. ஒரு வாய் மதுவும் குடிக்கவில்லை. மூன்றே நாளில் இறந்துவிட்டது.

இது சுவாங் சுவின் பெயரில் வழங்கும் நூலில் உள்ள கதை. அவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனச் சிந்தனையாளர்; தாவோ தத்துவத்தில் லாவோ சுவுக்கு அடுத்துச் சொல்லப்படும் பெயர். கதையில் வரும் அந்த ஆட்சியாளர் கொடியவர் அல்லர். பறவை மீது அவருக்கு உண்மையான அன்பு இருந்தது. தமக்குப் பிடித்ததையெல்லாம் அதற்குக் கொடுத்தார். அதற்கு வேண்டியதைத்தான் கொடுக்கவில்லை.

நான் ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்த திருநங்கை. 19 வயதில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்த சீன மாது ஒருவர் மதிய உணவு நேரத்தில் இந்தக் கதையை மலாயில் சொன்னார். கேட்டதும் எங்கள் வீடுதான் என் நினைவுக்கு வந்தது.

விருந்து வைத்தவர்கள்

எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவே இல்லை. அப்பா லோரி ஓட்டுநர். வார விடுமுறையில்கூட ஓய்வெடுக்காமல் என்னைச் சிலம்ப வகுப்புக்கு அழைத்துப் போவார். மாமா பந்து வாங்கித் தருவார். அம்மா எனக்காக நேர்த்திக்கடன் வைத்து முடி இறக்குவார். "ஆம்பளை மாதிரி நட", "குரலை இறக்கிப் பேசு" என்று ஆளுக்கொரு பாடம். எல்லாமே என் நலனுக்காகத்தான். பறவைக்கு வைத்த விருந்தைப் போல.

பல ஆண்டுகள் கழித்து இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பறவை என்னா சாப்பிடும்னு ஒருத்தரும் கேக்கலையா?" என்றார். எங்கள் வீட்டில் பேச்சு மாறியது அன்றுதான். பெற்றோருக்கு நீண்ட விளக்கங்கள் தேவை என்று நினைக்கிறோம். சில வேளைகளில் ஒரு கதை போதுமானதாக இருக்கிறது.

தாவோ நமக்குப் புதிதல்ல

ஜொகூர் பாரு மக்களுக்குத் தாவோ சமயம் கண்ணுக்குப் பழகியதுதான். ஜாலான் திருஸில் உள்ள பழைய சீனக் கோயிலையும், அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ராஜமாரியம்மன் ஆலயத்தையும் சீக்கியர் குருத்துவாராவையும் அறியாதவர் இந்த ஊரில் குறைவு. சீன நாள்காட்டியின் முதல் மாதத்தில் அந்தக் கோயிலின் ஐந்து தெய்வங்களும் ஊர்வலமாக எழுந்தருளும் சிங்கே விழாவை நம்மவர்களும் சாலையோரம் நின்று பார்ப்பதுண்டு. தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனீஸ், ஹைனான் என்ற ஐந்து சமூகத்தாரும் ஆளுக்கொரு தெய்வத்தைச் சுமந்து வருவார்கள்.

கோயிலில் நாம் பார்ப்பது வழிபாடு. நான் பேசுவது அதற்கும் மூத்த தத்துவ நூல்களைப் பற்றி. லாவோ சுவின் 'தாவோ தே ஜிங்' 81 சிறு பகுதிகள் கொண்டது, கவிஞர் சி. மணி அதைத் தமிழில் தந்திருக்கிறார். இந்த நூல்கள் திருநங்கையரைப் பற்றி எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் என் வாழ்க்கையின் மூன்று கேள்விகளுக்கு அவை எனக்கு உதவின.

இயற்கைக்கு மாறானதா?

எங்களைப் பார்த்து அடிக்கடி சொல்லப்படும் சொல், 'இயற்கைக்கு மாறானவர்கள்' என்பது. தாவோ நூல்களில் 'ட்சிரான்' என்றொரு சொல் வருகிறது. இன்றைய சீனத்தில் அதற்கு இயற்கை என்று பொருள். பழைய பொருள், 'தானே அப்படி இருப்பது'. காட்டையும் மலையையும் மட்டும் அது குறிப்பதில்லை. வெளியிலிருந்து யாரும் பிடித்துத் தள்ளாமல் ஒன்று தன்போக்கில் எப்படி இருக்கிறதோ, அதுவே ட்சிரான். நம் மொழியிலும் இயற்கைக்கும் இயல்புக்கும் வேர் ஒன்றுதான்: இயல்.

வாத்தின் கால் குட்டை என்பதற்காக அதை இழுத்து நீட்டினால் வாத்துக்கு வலிக்கும். கொக்கின் கால் நீளம் என்பதற்காக வெட்டினால் கொக்குக்கு வலிக்கும் என்ற உவமையும் சுவாங் சு நூலில் உண்டு. எது இயற்கை என்பதைப் பக்கத்தில் இருக்கும் பறவையின் காலைக் கொண்டு அளக்க முடியாது.

தமிழ் இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. பள்ளி நாள்களில் நான் நடந்து போகும்போது, "அது வருது பார்" என்று சிரிப்பார்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைக்கிறார். அவற்றுக்கெனத் தனி விகுதி இல்லாததால் உயர்திணைக்குரிய பால் விகுதிகளையே அவை ஏற்கும் என்கிறார். அதே நூற்பாவில் அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுபவை தெய்வப் பெயர்கள். எங்களை 'அது' என்பவர் எங்களைப் புண்படுத்துவதோடு தமிழ் இலக்கணத்தையும் பிழையாக்குகிறார்.

சும்மா இருப்பதா?

இயல்பாக இருப்பதுதான் தாவோ என்றால் பெயர் மாற்றம், சிகிச்சை, பயிற்சி எல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 'வூ வெய்' என்ற தாவோ கருத்தைச் சிலர் 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்று விளக்குவதால் வரும் குழப்பம் இது. இதற்கும் சுவாங் சு நூலிலேயே விடை இருக்கிறது. டிங் என்ற சமையற்காரர் 19 ஆண்டுகளாக ஒரே கத்தியால் மாடு அறுக்கிறார். கத்தி இன்னும் புதிதாகத் தீட்டியதைப் போல் இருக்கிறது. எலும்பில் மோதாமல், மூட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் அதைச் செலுத்துவதே காரணம். அவர் உழைக்கிறார்; ஆனால் எதிர்த்துக்கொண்டு உழைப்பதில்லை.

நர்த்தகி நடராஜை எண்ணிப் பாருங்கள். மதுரையில் பிறந்தவர். தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல்லாண்டுகள் பரதம் பயின்றார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். அத்தனை ஆண்டுப் பயிற்சி சும்மா இருந்து வந்ததா? கடும் உழைப்பு. ஆனால் அந்த உழைப்பு அவருடைய இயல்பின் போக்கிலேயே சென்றது. ஆணாக நடிப்பதற்கு நான் பள்ளியில் செலவிட்ட உழைப்பும் குறைந்ததல்ல. மாலையில் வீடு திரும்பும்போது பாடம் படிக்கத் தெம்பு இருக்காது. மறைத்து வாழ்வதில் தீரும் ஆற்றலுக்கு மதிப்பெண் கிடையாது.

யாருடைய நடை?

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் முக்கியமானது. ஹண்டான் என்ற நகரத்தாரின் நடை அழகானது என்று கேள்விப்பட்டு, அதைக் கற்கப் போனான் வெளியூர் இளைஞன் ஒருவன். அந்த நடையும் வரவில்லை; தன் சொந்த நடையும் மறந்துபோனது. கடைசியில் தவழ்ந்தே ஊர் திரும்பினான்.

ஆண் போல நடக்கச் சொல்வது ஒரு ஹண்டான் நடை. ஆனால் அது ஒன்று மட்டும் இல்லை. திருநங்கை என்றால் கைதட்டி ஆசி கூற வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சினிமாக் கதாநாயகியைப் போல் இருந்தால்தான் பெண் என்று ஏற்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஓர் அச்சிலிருந்து தப்பி இன்னோர் அச்சில் போய் விழுவது விடுதலை ஆகாது. நான் கட்டை முடி வைத்திருக்கிறேன், கணக்கு எழுதுகிறேன், சேலையை விடச் சட்டையும் சிலுவாரும் எனக்கு வசதி. நான் பெண்தான்.

பாறையும் நீரும்

தத்துவம் மட்டும் சோறு போடாது. என் அடையாளக் கார்டில் இன்னும் பழைய விவரங்கள்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005-இலும் 2016-இலும் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் கார்டில் பாலின விவரத்தை மாற்ற அனுமதித்துத் தீர்ப்பளித்தது உண்டு. 2016 தீர்ப்பை மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றிவிட்டது. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிரித்திகா யாசினி 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017-இல் காவல் உதவி ஆய்வாளரானார். நம் நாட்டில் மலாக்காவில் பிறந்த நிஷா அயூப், 2016-இல் அமெரிக்க அரசின் அனைத்துலகத் துணிச்சல்மிகு பெண்கள் விருதைப் பெற்றார். நீர் மென்மையானது, ஆனாலும் பாறையைத் தேய்க்கும் என்பது லாவோ சுவின் விருப்பமான உவமை. இவர்கள் அந்த நீர்.

மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் வகுப்பில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் விரும்பும் பெயரில் கூப்பிடுங்கள். மற்றவர் கேலி செய்தால் சிரிக்காமல் இருங்கள். அந்த ஒருவர் நீங்களே என்றால், எஸ்.பி.எம். முடிக்கும் முன் பள்ளியை விட்டு விலகாதீர்கள். என் சொந்தக் காலில் நிற்க எனக்கு உதவியது அந்தச் சான்றிதழ்தான். மனம் தாங்காத நாளில் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடமோ உறவினரிடமோ பேசுங்கள். யாரும் இல்லையென்று தோன்றினால் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் முன், அந்தப் பிள்ளையிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் உடனே வராது. காத்திருங்கள்.