வெளியூரில் புகழ், சொந்த மண்ணில் ஒரு 'த்வீபா'! - நடிகை சௌந்தர்யாவின் கதை

2004-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி, சனிக்கிழமை. காலை 11 மணி தாண்டியிருந்தது. பெங்களூர் பல்லாரி ரோட்டில் உள்ள ஜக்கூர் விமான தளத்தில் இருந்து ஒரு சின்னஞ்சிறு விமானம் கிளம்பியது. அது போக வேண்டிய இடம் கரீம்நகர். அன்று ஆந்திராவில் இருந்த அந்த ஊர் இன்று தெலுங்கானாவில் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம்.

விமானத்தில் 4 பேர் இருந்தனர். நடிகை சௌந்தர்யா, அவருடைய அண்ணன் அமர்நாத், கட்சிக்காரர் ஒருவர், விமானி. கிளம்பிய சிறிது நேரத்திலேயே, பக்கத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் விமானம் விழுந்து தீப்பிடித்தது. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

'படையப்பா'வில் வசுந்தராவாக வந்து, நீலாம்பரியின் ஆணவத்துக்கு முன்னால் அடக்கத்தோடு நின்ற பெண் தமிழ் ரசிகர்களுக்கு நன்றாக நினைவிருப்பார். ஆனால் அவர் பெங்களூர்க்காரர் என்பதும், கடைசிக் காலத்தில் தம் கைப்பணத்தைப் போட்டு ஒரு படம் எடுத்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

டாக்டர் ஆக வேண்டியவர்

பெங்களூரில் இருந்து சித்தூர் வழியாகச் சென்னைக்குப் பஸ்சில் போகிறவர்கள் முல்பாகலைத் தாண்டித்தான் போக வேண்டும். பெங்களூரில் இருந்து சுமார் 100 கிலோ மீட்டர். கோலார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் காதில் விழும் எல்லைச் சீமை அது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தங்கவயலும் இதே மாவட்டம்தான்.

அந்த முல்பாகல் பகுதியில்தான் சௌந்தர்யா பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சௌம்யா. தந்தை சத்யநாராயணா கன்னடப் பட உலகில் கதாசிரியராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர். மகளோ எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்தார். முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது சினிமா வாய்ப்பு வந்தது. 1992-ல் 'கந்தர்வா' என்ற கன்னடப் படத்தில் நடித்தார். பட வாய்ப்புகள் பெருகவே, டாக்டர் படிப்பு பாதியில் நின்றது.

கசப்பான நேரத்தில் வந்த அறிமுகம்

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இங்கே கலவரம் வெடித்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. பலர் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

அதற்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1993-ல் ஆர்.வி.உதயகுமாரின் 'பொன்னுமணி' வந்தது. கார்த்திக்குக்கு ஜோடியாகத் தமிழ்க் கிராமத்துப் பெண்ணாக நடித்தவர், இதே கர்நாடகத்துப் பெண் சௌந்தர்யா. ரசிகர்கள் ஊரையும் மொழியையும் பார்க்கவில்லை, நடிப்பைப் பார்த்தார்கள். படமும் ஓடியது.

பின்பு ரஜினியுடன் 'அருணாச்சலம்' (1997), கமலுடன் 'காதலா காதலா' (1998), மறுபடி ரஜினியுடன் 'படையப்பா' (1999), விஜயகாந்துடன் 'தவசி' (2001), 'சொக்கத்தங்கம்' (2003) என்று தமிழில் அவருக்கு ஓர் இடம் நிலைத்துவிட்டது.

தெலுங்கு தந்த சிம்மாசனம்

தமிழ் தந்தது புகழ் என்றால், தெலுங்கு தந்தது சிம்மாசனம். 1993-ல் அங்கே அடியெடுத்து வைத்தார். 1995-ல் வந்த 'அம்மோரு' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. தெய்வத்தை நம்பித் துன்பங்களைத் தாங்கும் ஏழைப் பெண்ணின் வேடம் அது. இந்தப் படம் தமிழில் 'அம்மன்' என்று டப்பிங் ஆகி, நம் ஊர்த் தியேட்டர்களிலும் சக்கைப்போடு போட்டது.

1998-ல் 'அந்தப்புரம்' வந்தது. கணவனை இழந்து, அவனுடைய ஊரில் கொலைக்கு அஞ்சாத ஒரு குடும்பத்தின் நடுவில் சிக்கி, குழந்தையைக் காப்பாற்றப் போராடும் தாயாக நடித்துப் பிலிம்பேர் விருது பெற்றார். தெலுங்கு ரசிகர்கள் அவரைப் பழைய சாவித்திரியோடு ஒப்பிட்டுப் பேசினார்கள்.

அவருடைய உழைப்புக்கு 1999-ம் ஆண்டே சாட்சி. அந்த ஓர் ஆண்டில் தெலுங்கில் 'ராஜா', தமிழில் 'படையப்பா', இந்தியில் அமிதாப் பச்சனுடன் 'சூர்யவன்ஷம்' ஆகியவை வெளிவந்தன. தமிழ் 'சூர்யவம்ச'த்தில் தேவயானி செய்த, கலெக்டர் ஆகும் மனைவியின் வேடத்தை இந்தியில் சௌந்தர்யா செய்தார். அவருக்குக் குரல் கொடுத்தவர் நடிகை ரேகா. மலையாளத்திலும் ஜெயராம், மோகன்லால் ஆகியோருடன் நடித்தார். 12 ஆண்டுகளில் 5 மொழிகளில் சுமார் 100 படங்கள்!

பிழைப்புக்காக வெளியூர் வந்து, அந்த ஊர் மொழியை வேலை செய்யும் இடத்திலேயே கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. ஷூட்டிங் எந்த ஊரோ, அந்த ஊர் வசனம். மறுவாரம் வேறு ஊர், வேறு வசனம். வருமானம் பெரிது என்றாலும், பாஷைப் பாடு ஒன்றுதான்.

சம்பாதித்த பணத்தில் சொந்தப் படம்

வெளியூரில் சம்பாதிப்பவர் ஊருக்கு வந்தால் ஒரு வீடு கட்டுவார், ஒரு காணி நிலம் வாங்குவார். சௌந்தர்யா செய்தது வேறு. 'சத்யா மூவி மேக்கர்ஸ்' என்ற பெயரில் படக் கம்பெனி தொடங்கினார். கிரீஷ் காசரவள்ளியை டைரக்டராகப் போட்டு, 'த்வீபா' என்ற கன்னடப் படத்தை எடுத்தார். த்வீபா என்றால் தீவு. நா.டிசோசாவின் நாவல்தான் கதை.

அணை கட்டுகிறார்கள். தண்ணீர் ஏறுகிறது. ஊரார் நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். மலைக் கோயிலில் பூசை செய்து பிழைக்கும் ஒரு குடும்பம் மட்டும் மண்ணை விட மனமில்லாமல் தங்கிவிடுகிறது. மழை கொட்டக் கொட்ட, அந்த இடம் தீவாகச் சுருங்குகிறது. குடும்பத்தைக் காப்பாற்ற மருமகள் நாகி படாதபாடு படுகிறாள். கடைசியில் பிழைத்ததும், எல்லாம் தெய்வச் செயல் என்று கணவன் சொல்லிவிடுகிறான். அவள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

நாகியாக நடித்தவர் சௌந்தர்யா. 'படையப்பா'வின் பட்டும் நகையும் இங்கே கிடையாது. நனைந்த சேலையும் சேறும்தான்.

2001-ம் ஆண்டின் படங்களில் நாட்டிலேயே சிறந்த படமாக 'த்வீபா' தேர்வாகித் தங்கத்தாமரை விருது பெற்றது. தயாரிப்பாளர் என்ற முறையில் அந்தப் பெருமையில் சௌந்தர்யாவுக்கும் பங்கு உண்டு. சிறந்த நடிகைக்கான கர்நாடக அரசு விருதும் அவருக்குக் கிடைத்தது. காசரவள்ளியின் 'தாயி சாஹேபா' (1997) படத்தைத் தயாரித்து நடித்த நடிகை ஜெயமாலாவும் இதே போல் தங்கத்தாமரை பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மறைந்த பின் வந்த வெற்றி

2003 ஏப்ரலில் சௌந்தர்யாவுக்குத் திருமணம் நடந்தது. முதலாவது திருமண நாளுக்குப் பத்தே நாள் இருக்கும்போதுதான் விபத்து நேர்ந்தது.

விஷ்ணுவர்தனுடன் அவர் நடித்த 'ஆப்தமித்ரா' அப்போது வெளியாகவில்லை. 2004 ஆகஸ்டில்தான் வந்தது. மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' படத்தைத் தழுவி பி.வாசு எடுத்த இந்தப் படம், மாபெரும் வெற்றி பெற்றது. தியேட்டரில் கைதட்டியவர்களுக்கு, திரையில் ஆடும் பெண் உயிரோடு இல்லை என்பது தெரியும். அவருக்குப் பிலிம்பேர் விருதும் மறைவுக்குப் பின்பே வந்தது. அடுத்த ஆண்டு பி.வாசு இதே கதையைத் தமிழில் 'சந்திரமுகி' என்று எடுத்தார். கன்னடத்தில் சௌந்தர்யா ஆடிய ஆட்டத்தைத் தமிழில் ஜோதிகா ஆடினார்.

டி.வி.யில் 'படையப்பா' வரும்போதெல்லாம் வசுந்தராவை நாம் பார்க்கிறோம். நாகியைப் பார்த்த தமிழர்கள் குறைவு. இந்த ஊரில் வேலை பார்த்து, கன்னடம் காதுக்குப் பழகிப்போன தமிழர்களுக்கு அந்தப் படம் புரியச் சிரமம் இருக்காது. வாய்ப்பு வந்தால் ஒரு தடவை பாருங்கள். தண்ணீர் சூழ்ந்த வீட்டு வாசலில் நிற்கும் அந்தப் பெண், சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியமாட்டாள்.