வாடகை கேட்காமல் சரக்கு ஏற்றலாமா?



விருதுநகரில் துவரம் பருப்பு எடுக்கும்போது மூட்டை விலையை மட்டும் கேட்டுவிட்டா ஆர்டர் கொடுக்கிறோம்? லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து, கடையில் வந்து இறங்கும் அடக்க விலை என்ன என்று பார்த்த பிறகே சரி என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கிரிப்டோ நாணயம் வாங்குகிறார்கள். இந்தக் கணக்கைத்தான் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எமது இளைய மகன் 5,000 ரூபாய் மதிப்புள்ள பிட்காயினை எக்ஸ்சேஞ்சிலிருந்து தன் சொந்த வாலட்டுக்கு மாற்றினான். வந்து சேர்ந்தது ஏறக்குறைய 3,800 ரூபாய்க்கான நாணயமே. மீதி வித்டிராயல் கட்டணமாகப் போய்விட்டது.

இதில் மோசடி ஏதும் இல்லை. இக்கட்டணம் பொதுவாகத் தொகைக்கு இத்தனை சதவீதம் என்று வருவதில்லை. ஒரு தடவைக்கு இவ்வளவு நாணயம் என்று வருகிறது. பிட்காயின் விலை 60 லட்சம் ரூபாய், கட்டணம் 0.0002 பிட்காயின் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 1,200 ரூபாய். 5,000 ரூபாய் அனுப்பினாலும் அதேதான், 1 லட்சம் அனுப்பினாலும் அதேதான். ஒரு மூட்டைக்காக முழு லாரியை வாடகைக்குப் பிடித்த கதைதான் இது.

கட்டணம் நிலையாகவும் இருப்பதில்லை. நெட்வொர்க்கில் நெரிசல் கூடினால் ஏறும். 2024 ஏப்ரல் 20 அன்று பிட்காயின் அனுப்பும் கட்டணம் பல மடங்கு உயர்ந்ததை உலகமே பார்த்தது. ஆகவே போன மாதம் கேட்ட ரேட் இன்றைக்கு உதவாது.

இதற்குத்தான் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் ஏ.பி.ஐ. என்ற வசதியை வைத்திருக்கின்றன. நாம் மண்டிக்குப் போன் போட்டு அன்றைய ரேட் கேட்பதுபோல், நம் கணினி அவர்கள் கணினியிடம் நேரடியாகக் கேட்கும் வழி இது. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் இப்படிக் கேட்டால், ஒவ்வொரு நாணயத்துக்கும் நெட்வொர்க் வாரியாகக் கட்டணம், குறைந்தபட்ச அளவு, அந்த வழி இப்போது திறந்திருக்கிறதா என்ற மூன்று விவரமும் வந்துவிடும். யு.எஸ்.டி.டி. நாணயத்தை எத்தீரியம் வழியாகவும் அனுப்பலாம், டிரான் வழியாகவும் அனுப்பலாம். கட்டணம் வேறு வேறு. ஆனால் மலிவான வழியைப் பெறுபவரின் வாலட் ஏற்குமா என்று முதலில் கேட்க வேண்டும். வழி தவறினால் முழுப் பணமும் போய்விடக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. ஏ.பி.ஐ. சாவி வாங்கும்போது பார்வையிடும் அனுமதி மட்டும் போதும். பணம் எடுக்கும் அனுமதியைத் தரவே கூடாது. கணக்குப் பிள்ளைக்குப் பேரேட்டைக் காட்டுவோம்; அதற்காக இரும்புப் பெட்டிச் சாவியையும் கொடுப்போமா?

வரியையும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க இடமில்லை. லாரி வாடகையை நாம் செலவில் எழுதலாம். இந்த வித்டிராயல் கட்டணத்தை எழுத முடியாது. போனது போனதுதான்.

கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ நாம் சொல்ல வரவில்லை. கடையில் கற்ற கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். வாடகை கேட்ட பிறகே சரக்கு ஏறட்டும்.