ஒரு பவுண்டுக்கு ஒரு மாளிகை

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் பார்லஸ்டன் ஹால் என்னும் செங்கல் மாளிகை ஒன்று உண்டு. லீக் நகரத்து வழக்கறிஞர் தாமஸ் மில்ஸ் என்பவருக்காக 1756-க்கும் 1758-க்கும் இடையே எழுப்பப்பட்டது. அதற்கு வரைபடம் தந்தவர் சர் ராபர்ட் டெய்லர் என்பது அறிஞர்களின் கருத்து. எண்கோணமும் சாய்சதுரமுமாகச் சட்டங்கள் பின்னிய சாளரங்கள் அவருடைய கைவண்ணத்தின் அடையாளமாகும். அவர் கட்டிய வீடுகள் பலவற்றில் அவை மறைந்து போயின. இங்கே எஞ்சி நின்றன.

புகழ்பெற்ற பீங்கான் நிறுவனமான வெட்ஜ்வுட், எட்ரூரியாவிலிருந்த தன் பழைய தொழிற்சாலையை இடம் மாற்ற எண்ணி, 1930-களில் இந்த எஸ்டேட்டை மாளிகையோடு சேர்த்து வாங்கியது. போர்க்காலத்தில் இங்கிலாந்து வங்கியின் அலுவலர்கள் அங்கே தங்கினர். பின்னர் 1949 வரை ஒரு கல்லூரி நடந்தது. அதன்பின் விளக்கேற்றுவார் எவருமில்லை.

ஆளில்லா வீடு எப்படி அழிகின்றது என்பதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதலில் போவது கூரை. ஈயத்தகடுகள் பறிபோயின, மழைநீர் உள்ளே இறங்கிற்று. ஈரம் ஊறிய மரத்தில் ஒருவகைப் பூஞ்சை பிறக்கும். அது சுவரின் காரைக்குள்ளே நூல்போல் ஊடுருவிச் சென்று, அப்பாலுள்ள உத்திரத்தையும் பற்றிக்கொள்ளும். வெளிச்சுவர் கம்பீரமாக நிற்க, உள்ளே தளங்கள் இற்று வீழ்ந்துகொண்டிருக்கும். பார்லஸ்டனில் நிகழ்ந்தது அதுவே.

போதாக்குறைக்கு, அந்த மாளிகை நின்றது நிலக்கரிச் சுரங்கங்களின் மேல்! கரியை வெட்டி எடுத்த வெற்றிடத்தில் மேலுள்ள பாறை சரியும். அதனோடு தரையும் தாழும். தரை முழுவதும் சமமாகத் தாழ்ந்தால் வீடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் மாளிகையின் அடியில் பாறைப்பிளவு ஒன்று குறுக்கே ஓடியது. ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் நிலம் இறங்க, சுவர்கள் பிளந்தன.

இடித்துவிட இசைவு தருமாறு நிறுவனம் விண்ணப்பித்தது. அதனைப் பழிப்பது எளிது. ஆயினும், தொழில் நடத்த வாங்கிய நிலத்தில் எதற்கும் உதவாத ஒரு பெருவீட்டுக்காகப் பொருளைக் கொட்ட எந்த வணிகர்தாம் முன்வருவார்?

1981-ஆம் ஆண்டு பொது விசாரணை நடைபெற்றது. மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கென 1975-இல் தோன்றிய 'சேவ்' என்னும் அமைப்பு அங்கே எதிர்த்து வாதாடியது. "அத்துணை அக்கறையிருந்தால் நீங்களே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்" என்னும் பொருளில் நிறுவனத் தரப்பிலிருந்து அறைகூவல் எழுந்தது. அமைப்பினரும் தயங்காமல் ஏற்றனர்! உண்மையான விலை நிபந்தனையில் இருந்தது: ஐந்தாண்டுகளுக்குள் மாளிகையைச் செப்பனிட்டாக வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? அரசின் மரபுக் கட்டட மானியம் ஒரு பகுதியை ஈடுகட்டியது. எஞ்சிய வழக்கு தேசிய நிலக்கரி வாரியத்தோடு. சுரங்க வேலையால் தரை தாழ்ந்து வீடு சேதமுற்றால் அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாரியத்துடையது என 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. சட்டம் இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு அல்லவா? நெடிய வாதப் போருக்குப் பின்னரே வாரியம் இறங்கி வந்தது. நாம் அறிந்தவரை, இம்மாளிகையைக் காத்ததில் கொத்தனாரின் கரண்டிக்கு இணையான பங்கு இந்த விடாப்பிடிக்கும் உண்டு.

வேலை நடந்த வரிசையும் கருதத்தக்கது. அழகு வேலைகளில் எவரும் முதலில் கை வைக்கவில்லை. மழையைத் தடுக்கக் கூரை. சுவரைப் பிணைக்க உறுதிப்பாடு. இனியும் நிலம் இறங்கினால் கட்டடம் உடையாமல் ஒருசேர அசையும் வண்ணம் அடியில் கம்பியிட்ட கான்கிரீட் மேடை. இவ்வாறு வெளித்தோற்றம் மீண்டது. உள்ளே மட்டும் வெறுங்கூடாகவே கிடந்தது.

அந்தக் கூட்டை 1992-இல் ஒரு தம்பதியினர் தம் குடும்பத்துக்கென விலைக்கு வாங்கினர். தளங்கள், கதவுகள், சுதை வேலைப்பாடுகள் என அறை அறையாக எஞ்சிய பணிகளை அவர்களே மேற்கொண்டனர். அருங்காட்சியகமாகவோ அலுவலகமாகவோ மாறாமல், தாமஸ் மில்ஸ் எதற்காகக் கட்டினாரோ அதற்கே, ஒரு குடும்பம் உண்டு உறங்கி வாழும் இல்லமாகவே, பார்லஸ்டன் ஹால் திரும்பிற்று.